கோல்ஸ்லா: ஒரு முட்டைக்கோஸ் சாலட்டின் வரலாறு

கோல்ஸ்லா என்பது பச்சை முட்டைக்கோஸை மெல்லிய இழைகளாகச் சீவி, புளிப்பும் கொழுப்பும் சேர்ந்த கலவையில் பிசிறிச் செய்யப்படும் ஒரு சாலட். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பொரித்த கோழி, சுட்ட பன்றி இறைச்சி, பொரித்த மீன் ஆகியவற்றுக்குப் பக்க உணவாக இது பரிமாறப்படுகிறது. இன்று உலகெங்கும் அறியப்பட்ட வடிவத்தில் முட்டைக்கோஸுடன் கேரட் இழைகளும் மயோனைஸும் சிறிது சர்க்கரையும் சேர்ந்திருக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இதை முதன்முதலில் சந்தித்தது பொரித்த கோழி விற்கும் தொடர் உணவகங்களின் சிறு கிண்ணத்தில்தான். கோழியைத் தின்று முடித்துவிட்டு அந்தக் கிண்ணத்தை மூடி திறக்காமலேயே குப்பையில் போட்டவர்களும் உண்டு.

அந்தக் கிண்ணத்தை மட்டும் வைத்து இந்த உணவை எடைபோடுவது நியாயமாகாது. கோல்ஸ்லாவுக்கு இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று இருக்கிறது. அதில் ஏறக்குறைய முதல் ஒன்றரை நூற்றாண்டு கடை மயோனைஸ் இல்லாமலே கழிந்தது. சேர்மானங்கள் மாறியதைவிடப் பெரிய மாற்றம், முட்டைக்கோஸை வெட்டுவதற்கும் அதை உண்பதற்கும் இடையிலான நேரத்தில் நிகழ்ந்தது. தொடக்கத்தில் சில நிமிடங்களாக இருந்த அந்த நேரம் பின்னர் மணிகளாகவும் நாள்களாகவும் நீண்டது. கோல்ஸ்லாவின் சுவை கெட்டதற்கும், 1981இல் அது ஒரு கொள்ளைநோயைப் பரப்பியதற்கும் இந்த நீட்சியோடு தொடர்பு உண்டு.

பெயர்

டச்சு மொழியில் 'கூல்' என்றால் முட்டைக்கோஸ். 'ஸ்லா' என்பது சாலட்டைக் குறிக்கும் 'சலாடே' என்ற சொல்லின் சுருக்கம். இரண்டும் சேர்ந்த 'கூல்ஸ்லா', வட அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. 1790களின் அமெரிக்க அச்சு ஏடுகளில் அது தென்படத் தொடங்குகிறது. குக்கி, பாஸ், சாண்டா கிளாஸ் ஆகிய சொற்களும் இதே டச்சுக் குடியேற்றத்தின் வழியாக அமெரிக்க ஆங்கிலத்தில் நுழைந்தவையே.

ஆங்கிலத்திலும் முட்டைக்கோஸ் இனத்துக்குக் 'கோல்' என்ற பழஞ்சொல் இருந்தது. 'கேபேஜ்' என்ற சொல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு அன்றாடப் பேச்சில் அதன் பொருள் மங்கிவிட்டது. எனவே டச்சுக்காரர் சொன்ன 'கூல்' என்பதை, ஆங்கிலம் பேசியவர்கள் 'கோல்ட்', அதாவது 'குளிர்ந்த', என்று கேட்டுக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டுச் சமையல் நூல்களில் 'கோல்ட் ஸ்லா' என்ற வடிவம் பரவலாகக் காணப்படுகிறது. குளிர்ந்த ஸ்லா என்று ஒன்று இருந்தால் சூடான ஸ்லாவும் இருக்கத்தானே வேண்டும்? அப்படியே 'வார்ம் ஸ்லா', 'ஹாட் ஸ்லா' என்ற உணவுகளும் அந்நூல்களில் இடம்பெற்றன. ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டது ஒரு புதிய உணவுக்குப் பெயர் தந்தது.

டச்சுக் 'கூல்', ஆங்கிலக் 'கோல்', 'கேல்', காலிஃபிளவரின் முற்பகுதி ஆகிய அனைத்துக்கும் மூலம், தண்டு என்று பொருள்படும் 'கவுலிஸ்' என்ற இலத்தீன் சொல். போர்த்துக்கீசிய மொழியின் 'கோவ்' என்ற சொல்லும் அதிலிருந்து பிறந்ததே. இலங்கைத் தமிழர் முட்டைக்கோஸைக் 'கோவா' என்று அழைப்பது இந்தப் போர்த்துக்கீசியச் சொல்லின் வழியில்தான். ஆக, யாழ்ப்பாணத்துக் கோவாவும் நியூயார்க்கின் கோல்ஸ்லாவும் தூரத்து உறவினர்கள்.

தமிழ்நாட்டுச் சந்தையில் விற்கும் நூல்கோல் இன்னும் நெருங்கிய உறவு. முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்த இந்தக் காய்க்கு டச்சு மொழியில் 'க்னோல்கூல்' என்று பெயர். 'க்னோல்' என்பது கிழங்குபோல் திரண்ட பகுதியைக் குறிக்கும். ஆங்கிலேயர் கால இந்தியாவில் அது 'நோல்கோல்' என்று வழங்கியது. தமிழ் வாயில் அது நூல்கோல் ஆயிற்று. நூலுக்கும் கோலுக்கும் அந்தக் காயோடு எந்தத் தொடர்பும் கிடையாது. பொருள் தெரியாத 'கூல்' என்பதை ஆங்கிலேயர் தமக்குத் தெரிந்த 'கோல்ட்' ஆக்கியதைப் போலவே, பொருள் தெரியாத 'க்னோல்' என்பதைத் தமிழர் தமக்குத் தெரிந்த 'நூல்' ஆக்கிக்கொண்டனர்.

உரோமானியர் உண்டதா?

கோல்ஸ்லா பண்டைய உரோமில் தோன்றியது என்ற கூற்று பல இடங்களில் காணப்படுகிறது. அதற்கு வலுவான அடிப்படை இல்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அரசியல்வாதி கேட்டோ, வேளாண்மை பற்றிய தம் நூலில் முட்டைக்கோஸ் இனத்தை மருந்தாகவே போற்றுகிறார். விருந்தில் நிறையக் குடிக்க விரும்புபவர் அதற்கு முன்பு வினிகர் சேர்த்த பச்சைக் கோஸை வேண்டுமட்டும் தின்ன வேண்டும், விருந்து முடிந்ததும் சில இலைகளைத் தின்ன வேண்டும் என்பது அவர் சொல்லும் வழி. கோஸும் வினிகரும் சேர்ந்த பழஞ்சான்று இது என்பது சரி. ஆயினும் அது சாலட்டுக்கான குறிப்பைவிடக் குடிகாரர்க்கான கைமருந்து என்பதே பொருந்தும்.

அபிசியஸ் பெயரில் வழங்கும் பழைய சமையல் தொகுப்பையும் சிலர் சான்றாகக் காட்டுவர். அதில் உள்ள கோஸ் குறிப்புகள் பெரும்பாலும் வேகவைத்த தண்டுகளையும் தளிர்களையும் பற்றியவை. மேலும், இலைகள் இறுக மூடிப் பந்துபோல் திரண்ட முட்டைக்கோஸ், இடைக்கால வட ஐரோப்பாவில்தான் பரவலாயிற்று. அந்தப் பந்து இல்லாமல் இன்று நாம் அறிந்த நீண்ட மெல்லிய இழைகளைச் சீவ முடியாது.

ஆல்பனி, 1749

கோல்ஸ்லாவின் வரலாற்றில் உறுதியான முதல் சான்றைத் தந்தவர் பெர் கால்ம் என்ற இயற்கை அறிவியலாளர். தாவரங்களுக்கு இருசொற்பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் இவர். குளிர்நாடான ஸ்வீடனில் வளரக்கூடிய பயனுள்ள தாவரங்களைத் தேடி வரும்படி ஸ்வீடனின் அரச அறிவியல் கழகம் அவரை வட அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1748 முதல் 1751 வரை அவர் அங்கே பயணம் செய்தார். விதைகளோடு தாம் கண்டது, கேட்டது, உண்டது எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஆல்பனி, டச்சுக்காரர் நிறுவிய வணிக நிலையத்திலிருந்து வளர்ந்த ஊர். 1664இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றிப் பெயரை மாற்றினர். ஆனாலும் கால்ம் சென்றபோது, எண்பத்தைந்து ஆண்டு ஆங்கில ஆட்சிக்குப் பிறகும், ஊரார் பெரும்பாலும் டச்சு பேசிக்கொண்டு டச்சுப் பாதிரியாரின் வழிபாட்டுக்குச் சென்றுகொண்டிருந்தனர். கால்முக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. பணத்தாசை பிடித்தவர்கள், வெளியூராரிடம் அதிகம் வாங்குபவர்கள் என்று கடுமையாகவே எழுதியிருக்கிறார்.

அப்படிப்பட்ட ஊரில் அவர் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் விஷர் என்ற பெண்மணி. 1749இல் ஒருநாள் அந்த அம்மையார் செய்த சாலட்டைத் தாம் அதுவரை எங்கும் கண்டதாகவோ உண்டதாகவோ நினைவில்லை என்று கால்ம் எழுதுகிறார். அறிவியலாளர் ஆதலால் அளவுகளையும் விடவில்லை. முட்டைக்கோஸின் வெளி இலைகளை நீக்கிவிட்டு, உள் இலைகளை நீண்ட மெல்லிய கீற்றுகளாக அம்மையார் நறுக்கினார். கீற்றின் அகலம் ஓர் அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரை, அதாவது ஏறக்குறைய 2 முதல் 4 மில்லிமீட்டர். அதைத் தட்டில் வைத்து எண்ணெயும் வினிகரும் ஊற்றி, உப்பும் மிளகும் தூவி, எல்லாம் சீராகப் பரவும்படி கலந்தார். அவ்வளவுதான், சாலட் தயார். எண்ணெய்க்குப் பதிலாக உருக்கிய வெண்ணெயையும் அடிக்கடி பயன்படுத்துவார்களாம். வெண்ணெயைச் சூடான பாத்திரத்தில் வைத்திருந்து, சாலட்டைப் பரிமாறிய பிறகு மேலே ஊற்றுவது வழக்கம்.

இந்தச் சாலட் நினைத்துப் பார்ப்பதைவிட நன்றாக இருந்தது என்று கால்ம் ஒப்புக்கொள்கிறார். தம் வீட்டில் உண்ட வெளியூர்க்காரர் பலர் செய்முறையைக் கேட்டறிந்து, ஊர் திரும்பியதும் செய்யச் சொல்லப்போவதாகக் கூறிச் சென்றனர் என்று அம்மையார் அவரிடம் பெருமையோடு சொன்னார். ஆற்றுவழி வணிகர்கள் வந்து தங்கும் ஊரில் ஓர் உணவு பரவுவதற்கு இதைவிட வேறு வழி தேவையில்லை.

இந்தக் குறிப்பில் கவனிக்க வேண்டியது காலக் கணக்கு. நறுக்கல், ஊற்றல், கலத்தல், உண்ணல் என்று எல்லாம் ஒரே மூச்சில் நடந்துவிடுகின்றன. உருக்கிய வெண்ணெய் சாப்பாட்டு மேசைக்கே சூடாக வருகிறது. ஆறினால் உறைந்துவிடும் வெண்ணெயை ஊற்றி ஒரு சாலட்டை மறுநாளைக்கு எடுத்துவைக்க முடியாது.

அச்சேறிய செய்முறைகள்

1796இல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வெளிவந்த 'அமெரிக்கன் குக்கரி', அமெரிக்கர் ஒருவர் எழுதிய முதல் சமையல் நூலாகக் கருதப்படுகிறது. அதன் ஆசிரியர் அமீலியா சிம்மன்ஸ், தலைப்புப் பக்கத்தில் தம்மை ஓர் அமெரிக்க அநாதை என்று குறிப்பிட்டுக்கொண்டவர். குக்கி, ஸ்லா என்ற டச்சுவழிச் சொற்களை இந்நூல் இயல்பாகக் கையாள்கிறது. முட்டைக்கோஸ் வகைகளைப் பற்றிப் பேசும்போது, நன்கு சிவந்த, சிறிய, இறுக்கமான கோஸே ஸ்லாவுக்கு ஏற்றது என்று சிம்மன்ஸ் சொல்கிறார். அதை வேகவைத்தால் கறுப்பாகவோ நீலமாகவோ மாறி, கூட வேகும் மற்றவற்றிலும் சாயத்தை ஏற்றிவிடும் என்பது அவர் தரும் காரணம்.

அடுப்படி அனுபவத்திலிருந்து வந்த இந்தக் குறிப்பு வேதியியலோடும் பொருந்துகிறது. சிவப்புக் கோஸின் நிறம் ஆந்தோசயனின் எனும் நிறமியால் வருவது. அமிலத்தில் அது செந்நிறமாக இருக்கும், அமிலம் குறையக் குறைய ஊதாவும் நீலமும் ஆகும். சாதாரணத் தண்ணீரில் வேகும் சிவப்புக் கோஸ் நீலம் பாய்வதும், வினிகரில் ஊறியது பளிச்சென்று சிவப்பதும் இதனால்தான்.

1837இல் வெளியான தம் சமையல் நூலில், பிலடெல்பியாவைச் சேர்ந்த எலைசா லெஸ்லி 'கோல்ட் ஸ்லா', 'வார்ம் ஸ்லா' இரண்டுக்கும் செய்முறை தருகிறார். வெண்ணெயும் வினிகரும் உப்பும் காரமும் சேர்த்துக் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்கக் கோஸ் மேல் ஊற்றுவது அவர் முறை. ஆறிய பிறகு மேசைக்கு வந்தால் அது குளிர்ந்த ஸ்லா. கோஸையும் முன்கூட்டியே சூடாக்கி, உடனே பரிமாறினால் வெதுவெதுப்பான ஸ்லா. கோஸைச் சீராகவும் நேர்த்தியாகவும் வெட்ட வேண்டும் என்பதில் லெஸ்லி கண்டிப்பாக இருந்தார். வெட்டின் அகலத்தைக் கால்ம் அளந்து எழுதியதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த உணவில் கத்திக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பது விளங்கும்.

அக்கால அமெரிக்காவில் ஆலிவ் எண்ணெய் கப்பலில் வந்து சேர வேண்டிய விலையுயர்ந்த பொருள். ஆகவே வெண்ணெய், பாலாடை, பன்றிக் கொழுப்பு என்று வீட்டில் கிடைத்த கொழுப்பே சாலட்டில் சேர்ந்தது. பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் குடியேறிகள், உருக்கிய பன்றிக் கொழுப்பையும் வினிகரையும் சூடாகக் கோஸில் ஊற்றினர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முட்டை மஞ்சள்கரு, கடுகுத்தூள், வினிகர், பால் ஆகியவற்றை அடுப்பில் கெட்டியாகக் காய்ச்சிய டிரெஸ்ஸிங் பரவலாயிற்று. மயோனைஸுக்கு முந்தைய படி இதுதான்.

மயோனைஸ் ஜாடி

மயோனைஸ் என்பது முட்டை மஞ்சள்கருவில் எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கடைந்து, வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துச் செய்யும் குழம்பு போன்ற கலவை. மஞ்சள்கருவில் உள்ள லெசித்தின், எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிந்துபோகாமல் தடுக்கிறது. கையால் கடைவதற்குப் பொறுமையும் பழக்கமும் தேவை. அதனால் நெடுங்காலம் அது பெரிய வீடுகள், நல்ல உணவகங்கள் ஆகியவற்றின் உணவாகவே இருந்தது.

ஜெர்மனியிலிருந்து குடியேறிய ரிச்சர்ட் ஹெல்மன் 1905இல் நியூயார்க் நகரில் ஒரு டெலிகேட்டசன் கடை திறந்தார். சமைத்த இறைச்சி, சாலட், ஊறுகாய் ஆகியவற்றை எடைபோட்டு விற்கும் கடை அது. அங்கே பயன்பட்ட மயோனைஸுக்குத் தனியே வாடிக்கையாளர் சேரவே, 1912இல் அதைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து விற்கத் தொடங்கினார். நீல நாடாவை அடையாளமாகக் கொண்ட அந்த ஜாடி பெரும் வணிகமாக வளர்ந்தது. 1927இல் தம் நிறுவனத்தை ஹெல்மன் விற்றுவிட்டார். தெற்கே தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் யூஜீனியா டியூக் என்ற பெண்மணி, 1917இல் அருகிலிருந்த படைப்பயிற்சி முகாமின் வீரர்களுக்குச் சாண்ட்விச் விற்றார். அவற்றில் தடவிய மயோனைஸ் பின்னர் தனிப்பொருளாயிற்று. அதில் சர்க்கரை கிடையாது என்பதைத் தென்மாநிலத்தவர் இன்றும் பெருமையாகச் சொல்வதுண்டு. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் கிராஃப்ட் நிறுவனம் 'மிராக்கிள் விப்' என்ற இனிப்புக் கலந்த, எண்ணெய் குறைந்த, மலிவான மாற்றை அறிமுகப்படுத்தியது.

இந்த ஜாடிகள் கோல்ஸ்லாவை எளிதாக்கின. எந்த வீட்டிலும் ஐந்து நிமிடத்தில் டிரெஸ்ஸிங் கிடைத்தது. குளிர்பதனப் பெட்டியும் பரவிய பிறகு, கடைக்காரர் காலையில் ஓர் அண்டா நிறையக் கலந்து வைத்து மாலைவரை கரண்டியால் அள்ளி விற்க முடிந்தது. மறுநாளும் விற்க முடிந்தது. வெள்ளைப் பூச்சுக்கு அடியில் கோஸ் எப்படி வெட்டப்பட்டது, எப்போது வெட்டப்பட்டது என்பதெல்லாம் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாமற்போயிற்று. மயோனைஸைக் குறைகூற வேண்டியதில்லை. அளவாகச் சேர்த்தால் அது கோஸுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் மட்டமான வேலையை மறைக்க இத்தனை வசதியான பொருள் அதற்கு முன் கிடைத்ததில்லை.

மயோனைஸுக்கு இடங்கொடாத ஊர்கள்

எல்லா ஊர்களும் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. வட கரோலினா மாநிலத்தின் லெக்சிங்டன் வட்டாரத்தில், விறகுத் தணலில் வாட்டிய பன்றித் தோள் இறைச்சியோடு சிவப்பு ஸ்லா பரிமாறப்படுகிறது. கொத்திய கோஸில் வினிகர், தக்காளி கெட்சப், மிளகு, சிறிது சர்க்கரை மட்டுமே சேரும், மயோனைஸ் சேராது. கொழுப்பு மிகுந்த இறைச்சிக்குப் புளிப்பும் நறநறப்பும் எதிர்ச்சுவையாக அமைகின்றன. பிரியாணிக்குத் தயிர் வெங்காயம் செய்யும் வேலையை இங்கே ஸ்லா செய்கிறது. மெம்பிஸ் நகரில் கடுகுக் கலவை முன்னிற்கிறது. பிட்ஸ்பர்க் நகரில் 1933இல் தொடங்கிய பிரிமான்டி சகோதரர்களின் கடை, வினிகர் ஸ்லாவையும் உருளைக்கிழங்கு வறுவலையும் சாண்ட்விச்சுக்குள்ளேயே வைத்துத் தருவதால் புகழ்பெற்றது. மேற்கு வர்ஜீனியாவில் ஹாட் டாக் மேல் ஸ்லா வைத்தே உண்பர். எல் சால்வடோரில் புப்புசா எனும் சோள அடையோடு வரும் 'கூர்த்தீதோ', வினிகரில் ஊறியோ சற்றே புளித்தோ இருக்கும் கோஸ் சாலட். அது கோல்ஸ்லாவின் கிளை அன்று என்றாலும், அதே தேவைக்கு வேறொரு சமையல் கண்ட விடை.

உலகின் மற்றப் பகுதிகளுக்குச் சென்றது என்னவோ மயோனைஸ் வடிவம்தான். கென்டக்கி மாநிலத்தின் கார்பின் ஊரில் உணவகம் நடத்திய ஹார்லண்ட் சாண்டர்ஸின் பொரித்த கோழி, 1952இல் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கிய முதல் கிளை உரிமைக் கடையிலிருந்து உலகெங்கும் பரவியது. பொடியாகக் கொத்திய, இனிப்பான கோல்ஸ்லாவும் அதன் கூடவே போயிற்று. 1970இல் ஜப்பானையும் 1995இல் பெங்களூரையும் அந்தக் கடை எட்டியது. நெதர்லாந்தின் பல்பொருள் அங்காடிகளில் இன்று கூல்ஸ்லாவோடு, ஆங்கிலப் பெயரிலேயே 'கோல்ஸ்லா'வும் விற்கப்படுகிறது. டச்சுக்காரர் ஏற்றுமதி செய்த சொல் உருமாறி அவர்களிடமே இறக்குமதியாகியிருக்கிறது.

நோவா ஸ்கோசியா, 1981

கனடாவின் கிழக்குக் கரையோர மாகாணங்களில் 1981ஆம் ஆண்டின் வசந்தத்திலும் கோடையிலும் லிஸ்டீரியா எனும் நுண்ணுயிரால் வரும் நோய் திடீரெனப் பரவியது. மொத்தம் 41 பேருக்கு நோய் உறுதியானது. அவற்றில் 34 கருவுற்ற பெண்கள், பிறந்த சிசுக்கள் தொடர்பானவை. கருச்சிதைவுகளும் சிசு மரணங்களும் நேர்ந்தன. பெரியவர்களுக்கு லேசான காய்ச்சலாக வந்து போகும் இந்நோய், வயிற்றிலிருக்கும் குழந்தையைக் கொல்லக்கூடியது. லிஸ்டீரியா கால்நடைகளைத் தாக்கும் என்பது முன்பே தெரியும். மனிதருக்கு அது எப்படி வந்து சேருகிறது என்பது அதுவரை தெளிவாகவில்லை.

நோயுற்றவர்கள் என்ன உண்டார்கள் என்று ஆராய்ந்தபோது, வட்டார ஆலை ஒன்று தயாரித்து விற்ற கோல்ஸ்லா சுட்டப்பட்டது. நோயாளி ஒருவரின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருந்த கோல்ஸ்லாவிலும், கடைகளில் வாங்கிய திறக்கப்படாத பொட்டலங்களிலும் அதே வகைக் கிருமி கிடைத்தது. கோஸ் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனவர்கள் ஒரு பண்ணையைக் கண்டனர். அங்கே செம்மறி ஆட்டு எருவை இட்டுக் கோஸ் பயிரிட்டிருந்தார்கள். அந்த மந்தையில் இரண்டு ஆடுகள் லிஸ்டீரியா நோயால் இறந்திருந்தன. இலையுதிர்காலத்தில் அறுவடை செய்த கோஸ், குளிர்காலம் முழுவதும் குளிர்க் கிடங்கில் இருந்துவிட்டு வசந்தத்தில் ஆலைக்குச் சென்றிருக்கிறது.

பெரும்பாலான நோய்க்கிருமிகளின் வளர்ச்சி குளிரில் அடங்கிவிடும். லிஸ்டீரியா குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையிலும் பெருகும். கோஸைக் காப்பதற்காக வைத்த கிடங்கே கிருமிக்கு மாதக்கணக்கில் நேரம் கொடுத்தது. கோஸ் பச்சையாகவே உண்ணப்பட்டதால் கிருமியை அழிக்க இடையில் அடுப்பும் இல்லை. 1983இல் வெளியான இதன் ஆய்வறிக்கை, லிஸ்டீரியா உணவு வழியாகப் பரவுகிறது என்பதை நிறுவிய முதல் சான்றாக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. இன்று கருவுற்ற பெண்களிடம் கடைகளில் விற்கும் ஆயத்தச் சாலட்டுகளைத் தவிர்க்கச் சொல்வதன் பின்னணியில் இந்தக் கோல்ஸ்லாவும் இருக்கிறது.

கோல்ஸ்லா கெட்டால் மயோனைஸைக் குறைசொல்வது பலரின் வழக்கம். கடைகளில் விற்கும் மயோனைஸ் கிருமிகள் எளிதில் பெருகமுடியாத அளவுக்குப் புளிப்பானது. நோவா ஸ்கோசியாவில் பழி முழுவதும் எருவையும் கிடங்கையும் சேரும்.

நல்ல கோல்ஸ்லா

கோல்ஸ்லா ருசிக்காமற்போவதற்கு முதன்மைக் காரணம் தண்ணீர். முட்டைக்கோஸின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். உப்பும் சர்க்கரையும் பட்டதும் அந்த நீர் செல்களிலிருந்து வெளியே வருகிறது. டிரெஸ்ஸிங்கில் இரண்டும் இருப்பதால், கலந்த கோல்ஸ்லா நேரம் ஆக ஆக நீர்த்துக்கொண்டே போகும். கடைக் கிண்ணத்தின் அடியில் வெண்ணிற நீர் தேங்கி நின்றால் அது நெடுநேரம் முன்பு கலந்தது என்று அறியலாம். வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய எளிய சோதனை இது.

இரண்டு வழிகளில் இதைத் தவிர்க்கலாம். ஒன்று, நீரை முன்னதாகவே வெளியேற்றிவிடுவது. அரை கிலோ கோஸைச் சீவி ஒரு தேக்கரண்டி உப்பில் பிசிறி, ஓட்டைத் தட்டில் ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ வைத்தால் அடியில் நீர் இறங்கும். பிறகு தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி ஈரம் போக்கி, டிரெஸ்ஸிங் சேர்க்கலாம். கோஸ் துவண்டாலும் நறநறப்பு போகாது, சில மணி நேரம் வைத்திருந்தாலும் நீர்க்காது. விருந்துக்கு முன்கூட்டியே செய்பவர்களுக்கு ஏற்ற முறை இது. மயோனைஸ் சேர்ப்பதானால் அதில் பாதியளவு மோரோ தயிரோ கலந்து தளர்த்தி, வினிகரும் மிளகும் கூட்டிக்கொள்வது நல்லது. இழைகளின் மேல் மெல்லிய படலமாக ஒட்டினால் போதும், கோஸ் அதில் மிதக்கக் கூடாது.

சீவுவதற்குத் துருவியைவிடக் கூரிய கத்தியே மேல். முட்டைக்கோஸில் கந்தகம் கொண்ட சேர்மங்களும், அவற்றைச் சிதைக்கும் மைரோசினேஸ் எனும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. இலை வெட்டுப்படும்போது அவை ஒன்றுசேர்ந்து கடுகின் காரத்தை ஒத்த நெடியை உண்டாக்குகின்றன. துருவி செல்களைக் கிழித்து நசுக்குவதால் நெடியும் நீரும் அதிகமாகின்றன. கத்தி போடும் சுத்தமான வெட்டில் இரண்டும் குறைவு. கையில் எடுத்தால் கனமாக, இலைகள் இறுகிய கோஸைத் தேர்ந்து, நடுத்தண்டை நீக்கிவிட்டு, 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலத்தில் சீவினால் வாய்க்கு இதமாக இருக்கும்.

இரண்டாவது வழி ஆல்பனியில் கண்டது. எல்லோரும் சாப்பிட அமர்ந்த பிறகு கோஸைச் சீவி, எண்ணெயும் வினிகரும் உப்பும் மிளகும் சேர்த்துக் கலக்கி உடனே பரிமாறுவது. எண்ணெய் வேண்டாம் என்றால், இலைகளில் தட்டிலேயே வெண்ணெயைச் சூடாக ஊற்றிக்கொள்ளலாம். இந்த முறையில் உப்பில் ஊறவைக்கும் வேலை இல்லை. கோஸ் நீர் விடுவதற்குள் தட்டு காலியாகிவிட வேண்டும்.